முதல் புத்தகம், முதல் பேட்டி: படபடப்பைச் சமாளிப்பது எப்படி?

கோத்தகிரி, கூடலூர், குன்னூர் பக்கம் முதல் புத்தகம் போட்டவர்களுக்கு எழுதும்போது இல்லாத பயம், பேட்டி என்றதும் வந்துவிடுகிறது. 'நம்ம பேச்சு எடுபடுமா? கீழே கோவையில் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?' என்று மனசு ஓட ஆரம்பிக்கும். பேட்டியைப் பரீட்சையாக நினைப்பதுதான் இந்தப் பயத்தின் வேர். பல நேரம் பேட்டி எடுப்பவர் உங்கள் புத்தகத்தை முழுதாகப் படித்திருக்க மாட்டார். அதில் என்ன இருக்கிறது என்று நேயர்களுக்குச் சொல்ல அவருக்கு உங்கள் உதவி வேண்டும். தயாரிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

1. முதலில் விசாரியுங்கள்

நேரலையா, பதிவா? எத்தனை நிமிடம்? எதைப் பற்றிப் பேச்சு? கேள்விகளை முன்கூட்டியே தராவிட்டாலும் தலைப்பைச் சொல்வார்கள். பதிவு என்றால் தடுமாறிய பதிலை 'இன்னொரு முறை சொல்றேங்க' என்று கேட்டுத் திரும்பச் சொல்லலாம். இது தெரிந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

2. மூன்று விஷயம், மூன்று காட்சி

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். புத்தகத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தேயிலைத் தொழிலாளர்களைப் பற்றி நாவல் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'புலம்பெயர்வின் வலியைப் பேசுகிறது' என்று ஆரம்பித்தால் அடுத்த வாக்கியத்துக்கு வார்த்தை கிடைக்காது. அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். 'எங்க லைன் வீட்டுல ஒரு பாட்டி, கண்டியிலிருந்து கொண்டு வந்த டிரங்குப் பெட்டியைக் கடைசி வரைக்கும் திறக்கவே இல்லை' என்று ஆரம்பித்துப் பாருங்கள். கதை தானாக நகரும், கேட்பவரும் கூடவே வருவார்.

ஆண்டு, எண்ணிக்கை போன்றவற்றை ஒரு சின்ன அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், அதில் இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன 5,25,000 பேர் என்கிற அளவு போதும். பக்கம் பக்கமாக எழுதினால் மைக் முன்னால் தாள் சரசரக்கும்.

3. சங்கடமான கேள்விகள்

'இது உங்க குடும்பக் கதையா?' என்று நிச்சயம் கேட்பார்கள். எதுவரை சொல்வது என்று வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால், 'அதை நாவலுக்குள்ளேயே விட்டுடலாம்னு நினைக்கிறேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போகலாம். விவரம் கையில் இல்லாத கேள்விக்கு 'பார்த்துட்டுச் சொல்றேன்' என்பதே மரியாதையான பதில். அந்தப் பதற்றத்தில் ஊகித்து ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்.

4. வாய்விட்டுப் பேசிப் பாருங்கள்

போனில் பதிவு செய்து கேளுங்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் படபடப்பு உச்சத்தில் இருப்பது அந்த முதல் நிமிடத்தில்தான். மலைப் பேச்சை மறைத்து மேடைத் தமிழுக்கு மாற வேண்டாம். அந்தக் கூடுதல் வேலை மூளையைச் சோர்வாக்கும்.

5. உடம்பைத் தயார் செய்தல்

அட்ரினலின் சுரப்பதால் இதயம் வேகமாக அடிக்கும், வாய் வறளும். மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் துடிப்பு தணியும். ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் உதடும் தாடையும் விறைத்துவிடும். வெந்நீர் குடித்து, இரண்டு பக்கம் சத்தமாகப் படித்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று: நம் நடுக்கம் நாம் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்பே கேட்டுவிட்டு மேடையேறிய மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அதனால் மைக் முன் உட்காரும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

6. இடம், பயணம்

தொலைபேசிப் பேட்டி என்றால் சிக்னல் நிலையாகக் கிடைக்கும் இடத்தை முந்தைய நாளே பார்த்து வையுங்கள். தகரக் கூரை வீட்டில் மழை பிடித்தால் குரலே கேட்காது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வேறு வீடு ஏற்பாடு செய்வது நல்லது. கோவை ஸ்டுடியோவுக்குப் போகிறவர்கள் சீக்கிரமே கிளம்புங்கள். சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாக ஒருவழிப் பாதையில் திருப்பிவிடுவதும் உண்டு. கொண்டை ஊசி வளைவுகள் கலக்கிய வயிறு அடங்கவும் கொஞ்ச நேரம் வேண்டும்.

7. கேமரா முன்னால்

கேமராவைப் பார்க்காமல் பேட்டி எடுப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு ஆரம்பியுங்கள். அந்த இடைவெளி நமக்குத்தான் நீளமாகத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் பெயர், புத்தகப் பெயர், பதிப்பகம், பேச்சில் வந்த ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றையும் சரியான எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எப்போது ஒளிபரப்பாகும் என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.