சுவர் கட்டும் கலவையில் செல்லுலோஸ் ஈதர்: கட்டி தட்டாமல் சேர்க்கும் முறை

போன சித்திரையில் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினோம். ஃப்ளை ஆஷ் கல், எம்-சாண்ட், 1:6 கலவை (சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு). கொத்தனார் அண்ணன் கலவையை விரித்துக் கல்லை வைத்துத் தட்டுவதற்குள் கல் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடியில் கலவை உதிரியாகக் கிடக்கும். கல்லை நனைத்துப் போட்டும் பதினோரு மணி வெயிலுக்குத் தாங்கவில்லை. அப்போதுதான் எச்பிஎம்சி என்ற செல்லுலோஸ் ஈதர் பொடியைத் தேடிப் போனேன்.

பருத்தி அல்லது மரக்கூழில் இருந்து எடுக்கும் செல்லுலோஸை ரசாயன முறையில் மாற்றி, தண்ணீரில் கரையும்படி செய்த வெள்ளைப் பொடி இது. கலவையில் உள்ள தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கல் சட்டென்று இழுக்க விடாது. சிமென்ட் இறுகத் தேவையான ஈரம் உள்ளேயே நிற்கும். டைல் பசையிலும் சுவர் பட்டியிலும் இதுதான் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றிக் கட்டிய ஊர் நம்முடையது. சாந்தில் செடிச்சரக்கு சேர்ப்பது நமக்குப் புதிதில்லை.

கடையில் கேட்கும்போது கட்டுமானத்துக்கு, உலர் கலவைக்கு என்று சொல்லி வாங்குங்கள். லிக்விட் சோப்புக்கு விற்கும் எச்பிஎம்சி வேறு வகை. பாகுத்தன்மை, அதாவது கரைத்தால் எவ்வளவு கெட்டியாகும் என்ற அளவு, 40,000 (mPa·s) போதும் என்பது என் கருத்து. ஒரு லட்சத்துக்கு மேல் போனால் கரணையில் ஒட்டி இழுக்கும், கொத்தனார் கை வலிக்கும்.

அளவு: சுவர் கட்டும் கலவைக்கு மொத்த உலர் எடையில் 0.02 முதல் 0.1 சதவீதம். ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ, அதற்கான மணல் ஏறக்குறைய 300 கிலோ. 100 கிராம் பொடி போட்டால் 0.03 சதவீதம் வரும். அங்கிருந்து தொடங்குங்கள். சமையலறை எலக்ட்ரானிக் தராசு கட்டாயம் வேண்டும். கைப்பிடிக் கணக்கு இதற்கு ஆகாது.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். முதல் நாள் பொடியை நேராகத் தண்ணீர் டிரம்மில் கொட்டிக் கிளறினேன். எட்டிப் பார்த்த அண்ணன், “என்ன தம்பி, கஞ்சியில ஜவ்வரிசி மாதிரி மிதக்குது?” என்றார். அப்படியேதான் இருந்தது. ஒன்றை எடுத்து நசுக்கினேன். வெளியே கண்ணாடி போல வழவழப்பு, உள்ளே நனையாத வெள்ளைப் பொடி. மேல்பகுதி உடனே கூழாகி உள்ளே தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு கிளறினாலும் அந்தக் கட்டி உடையாது.

சரியான வழி, பொடியைத் தண்ணீரில் போடாமல் சிமென்டில் போடுவது. மூடி உள்ள வாளியில் 5 கிலோ சிமென்டும் 100 கிராம் பொடியும் போட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். அதை மீதி சிமென்டோடு கலந்து, பிறகு மணலில் கொட்டி, நிறம் ஒன்றாகும் வரை மண்வெட்டியால் மூன்று தடவை புரட்டுங்கள். மணலில் ஈரம் இருந்தால் பொடியை அதன்மேல் நேரடியாகத் தூவவே கூடாது. அப்புறம் தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. கலந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒரு புரட்டு. முதலில் தண்ணியாகத் தெரிவது இந்தப் பத்து நிமிடத்தில் கெட்டிப்படும். அவசரப்பட்டுச் சிமென்டைக் கூட்டாதீர்கள்.

சோதிக்க, ஒரே காய்ந்த கல்லில் சாதாக் கலவையையும் இதையும் பக்கம் பக்கமாக வையுங்கள். ஐந்து நிமிடத்தில் சாதாக் கலவையின் ஓரம் வெளுத்து, விரல் வைத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. மற்றது பளபளப்போடு இருந்தது, விரல் அச்சு அப்படியே பதிந்தது.

பின்சேர்க்கை: படித்துவிட்டு எழுதிய இரண்டு பேருக்குக் கலவை நுரைத்திருக்கிறது. டிரில் மிக்ஸரை வேகமாக, நீண்ட நேரம் ஓட்டியதே காரணம். இந்தப் பொடி காற்றைப் பிடித்து வைக்கும், காற்று கூடினால் வலு குறையும். மெதுவாக ஓட்டுங்கள், மூன்று நிமிடம் போதும். அளவைக் கூட்டிப் போட்டால் இன்னும் நல்லதா என்று இன்னொருவர் கேட்டார். மூட்டைக்கு 400 கிராம் வரை போட்டுப் பார்த்தேன். மறுநாள் காலையிலும் ஆணியால் கீறினால் கோடு விழுந்தது. அளவு மிஞ்சினால் சிமென்ட் இறுகுவது தாமதமாகும்.

வெந்நீரில் இது கரையாது. மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்த தண்ணீரை விட்டுவிட்டு, நிழலில் இருந்த தண்ணீரை எடுங்கள். பொடி சேர்த்தாலும் சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விடுவதை நிறுத்தாதீர்கள். மிஞ்சிய பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பை திறந்தே கிடந்தால் மழைக்காலத்தில் அதுவே கட்டிப் பிடித்துவிடும்.