வலைக்கு ஈயக் குண்டு வார்க்கும்போது செய்யக் கூடாதவை

கிருஷ்ணகிரி அணையிலோ ஒகேனக்கல் பக்கமோ வீச்சு வலை போடுகிறவர்களுக்கு, பழைய ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துக்கொள்வது கடையில் வாங்குவதைவிடச் சல்லிசு. ஆனால் பழைய இரும்புக் கடையில் ஈயம் என்று எடை போட்டுத் தருவதெல்லாம் ஒரே ஈயம் இல்லை. அத்தனையையும் ஒரே சட்டியில் போடுவதில்தான் வம்பே ஆரம்பிக்கிறது.

வலைக் குண்டுக்குக் கலவையே வேண்டாம், சுத்த ஈயம் போதும். கயிற்றைச் சுற்றித் தட்டி நெருக்க மெத்தென்று இருக்க வேண்டும். ஆண்டிமனி என்ற உலோகம் கலந்தது கடினமாகி, தட்டும்போது விரிசல் விடும். நகத்தால் கீறினால் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் நல்ல ஈயம். பழைய ஈய உறை கேபிள் அந்த ரகம். வெள்ளீயச் சொம்பு உடைந்தது இருந்தால் தனியாக விற்றுவிடுங்கள், அதன் விலையே வேறு.

கார் சக்கரத்தில் ஒட்டும் பேலன்ஸ் எடையில் கவனம் வேண்டும். இப்போது வருபவற்றில் துத்தநாகமும் இரும்பும் நிறைய. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு 419 ஆக வேண்டும். சூடு குறைவாக இருந்தால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அது கரைந்து, மொத்தமும் கூழ் மாதிரி ஆகி அச்சில் இறங்காது. அப்புறம் அந்தச் சட்டியே வீண்.

பேட்டரியை உடைக்கவே வேண்டாம். அமிலம் ஒரு பக்கம் இருக்கட்டும். தகட்டில் ஆண்டிமனி, ஆர்செனிக், புது வகைகளில் கால்சியம் எல்லாம் இருக்கும். அதை உருக்கும்போது மேலே திரளும் கசடில் ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் போன்ற நச்சுவாயு கிளம்பலாம். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படியும் அதைச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோதான் கொடுக்க வேண்டும். புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

உடனே ஆளை அடிப்பது தண்ணீர்தான். பழைய வலையிலிருந்து அறுத்த குண்டை எடுத்துப் பாருங்கள்: வெளியே காய்ந்திருக்கும், நடுத் துளையில் சேறும் நைலான் துண்டும் இறுகிக் கிடக்கும். அதை உருகிய ஈயத்தில் போட்டால், உள்ளே இருக்கும் ஈரம் ஒரு நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்துக்கே தெறிக்க வைக்கும். துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, வெயிலில் காயவைத்து, சட்டி ஆறியிருக்கும்போதே போட்டு, பிறகு தீ மூட்டுங்கள். கரண்டியையும் அச்சையும் தீயோரம் சுட வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். தூறல் விழுந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம். ஆற்றங்கரை ஈர மணலில் குழி போட்டு ஊற்றுவதும் இதே ஆபத்துதான்.

சட்டி இரும்பாக இருக்கட்டும். அலுமினியம் நேரடித் தீயில் நெகிழ்ந்து ஓட்டை விழும். ஈயம் உருக்கிய சட்டியை மறுபடி அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். உருகிய ஈயத்தின் மேல் நீலமும் மஞ்சளுமாக நிறம் ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், தீயைக் குறையுங்கள்.

புகையைப் பற்றிப் பயப்படுகிற பலர் தூசைக் கவனிப்பதில்லை. மேலே வழித்தெடுக்கும் சாம்பல் நிறக் கசடு பொடிப்பொடியாக உதிரும், அது கையில், லுங்கியில் ஒட்டி வீட்டுக்குள் வரும். ஈயத்துக்கு ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற அளவே கிடையாது; குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று செய்யுங்கள். நடுவில் பீடி, டீ வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, துணியைத் தனியாகத் துவையுங்கள். தூண்டில் போடுகிறவர்கள் சின்ன ஈயத்தைப் பல்லால் கடித்து நெருக்குவார்களே, அதற்குக் குறடு எதற்கு இருக்கிறது?

இதே கையோடு நாட்டுத் துப்பாக்கிக்கு ரவை வார்க்கலாமா என்று மலைப் பக்கம் சிலர் கேட்பதுண்டு. கூடாது. உரிமம் இல்லாமல் அது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

வழித்த கசடை வாய்க்காலிலோ குப்பை மேட்டிலோ கொட்டாமல், மூடி உள்ள தகர டப்பாவில் காய்ந்தபடி போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நிரம்பியதும் ஈயம் மறுசுழற்சி செய்கிறவர்களிடம் கொடுத்துவிடலாம்.