கைவிடப்பட்ட சிறிய நாய்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் முறை

கிளிநொச்சிப் பக்கம், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் நாய்கள் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வார இறுதிகளில் பணியாற்றுகிறேன். சந்தை முகப்புகளிலும் பேருந்துத் தரிப்பிடங்களிலும் விட்டுச் செல்லப்பட்ட, வளர்ந்தாலும் ஏழெட்டுக் கிலோவைத் தாண்டாத நாய்களுக்கு வீடு பார்ப்பதே என் பங்கு. குளிப்பாட்டுவதும் உண்ணி எடுப்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால், ஒப்படைக்கும் வேலையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: நாய்க்கு ஒரு பக்கம்

ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கைத்தொலைபேசிச் செயலிகளைவிடக் கொப்பியையே நான் விரும்புகிறேன்; நிலையத்துக்கு வரும் எவரும் அதைத் திறந்து வாசிக்கலாம், எழுதலாம். எடை, பூச்சி மருந்து கொடுத்த திகதி, நாய் எதற்கெல்லாம் பயப்படுகிறது என்பன அதில் இருக்க வேண்டும். குட்டிகளுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளிகளில் தொடர வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசி வேறு. பெட்டைக் குட்டி என்றால் பலர் தயங்குவார்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று என்றோ, எப்போது செய்யப்போகிறோம் என்றோ கால்நடை வைத்தியரிடம் கேட்டு எழுதிவைத்தால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: படம்

நிலத்தில் அமர்ந்து, நாயின் கண் மட்டத்தில் எடுங்கள். அளவு விளங்குவதற்காகப் பக்கத்தில் ஒரு சைக்கிள் சில்லு இருக்கட்டும்.

மூன்றாம் படி: யாரோடு பேசுவது

நான் தவறியது இந்தப் படியில்தான். நாயைக் கேட்டு வருபவர் ஒருவர். பகல் முழுவதும் அதோடு இருக்கப்போகிறவர் பெரும்பாலும் வேறொருவர். பிள்ளை ஆசைப்படும், தகப்பன் மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிச் செல்வார், மறுநாள் அவர் வயலுக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போன பின்னர் வீட்டில் இருப்பது அம்மம்மாவும் நாயும்தான்.

இடக்காது மடிந்த, மண்ணிறப் பெட்டை ஒன்றை அப்படித்தான் கொடுத்தேன். பழகிய மணம் கூட இருந்தால் புது இடத்தில் அமைதியாக உறங்கும் என்று அது படுத்த துண்டையும் சேர்த்து அனுப்பினேன். நான்காம் நாள் நாய் திரும்பி வந்தது. துண்டும் வந்தது, சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, வெயிலில் காயவைத்து, நான்காக மடித்தபடி. விரதச் சமையல் நடக்கும் அடுப்படிக்குள் நாய் நுழைந்ததை அந்த அம்மம்மாவால் பொறுக்க முடியவில்லை. அவரில் பிழையே இல்லை. அவரிடம் நான் ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை. நாயோ இரண்டு நாட்கள் எங்கள் படலையடியிலேயே கிடந்தது, சோற்றைத் தொடவில்லை.

அன்றிலிருந்து, சோறு வைக்கப்போகும் கை யாருடையதோ அவரோடு பேசாமல் நான் எந்த நாயையும் கொடுப்பதில்லை. "அம்மா, நாய் வீட்டுக்குள்ளே எதுவரை வரலாம்? இரவில் எங்கே படுக்கும்? எல்லோரும் வெளியூர் போனால் யார் சோறு வைப்பது?" என்று அவரையே கேட்கிறேன். துண்டைத் தோய்க்க வேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வியையும் கட்டாயம் கேளுங்கள். கடந்த ஒரு வருடத்துக்குள் அந்த வளவில் குட்டி நாய் ஏதேனும் சத்தியும் இரத்தக் கழிச்சலுமாகி இறந்ததா? இப்படிக் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள், சிலவேளை ஒரு வருடத்துக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கும். ஆம் என்று பதில் வந்தால், தடுப்பூசி முழுமையாகாத குட்டியை அங்கே அனுப்பாமல், தடுப்பூசி முடிந்த வளர்ந்த நாயைக் காட்டுங்கள்.

காவலுக்கு என்று கேட்பவருக்குச் சிறிய நாயைக் கொடுக்க நான் உடன்படுவதில்லை. சோளகக் காலத்து வெக்கையில் தகரக் கொட்டிலின் கீழ் சங்கிலியில் கட்டுண்டு கிடக்க நேரிடும். வேலியில் உள்ள பொட்டுகளையும் கட்டில்லாத கிணற்றையும் நேரில் போய்ப் பாருங்கள்.

நான்காம் படி: கொண்டுபோதல்

பயணத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே வளர்ந்த நாய்க்கு உணவை நிறுத்திவிடுங்கள். அட்டைப் பெட்டி நனைந்தால் அடி கழன்றுவிடும்; காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடையை மூடிக் கட்டுவதே நல்லது. பயந்த சிறு நாய் பின்னோக்கி இழுத்துக் கழுத்துப் பட்டியைக் கழற்றிவிடும் என்பதால், மார்பைச் சுற்றிப் போடும் பட்டியே என் தெரிவு.

ஏழாம் நாள் நேரில் போங்கள். தொலைபேசியில் எல்லோரும் "நல்லாய் இருக்கு" என்றே சொல்வார்கள். தண்ணீர்ச் சட்டியும் படுக்கும் இடமும்தான் உண்மை நிலையைக் காட்டும். வளர்ந்த நாய் முதல் இரண்டொரு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது வழமை. குட்டி சத்தி எடுத்துச் சோர்ந்தால் அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

பின்சேர்க்கை

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் என்ன செய்வது என்று வாசித்தவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இரண்டையும் வாசலில் சந்திக்க விடாமல், வெளியே ஒழுங்கையில் சற்று நேரம் சேர்த்து நடத்திய பின்னர் உள்ளே அழைத்துச் செல்லுங்கள். சோற்றுச் சட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

முல்லைத்தீவுப் பக்கத்து அன்பர் ஒருவர் சுட்டிக்காட்டியதையும் சேர்க்கிறேன். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வீட்டார் எல்லோரும் கோயிலுக்குப் போய்விடுவதால், புதிதாக வந்த நாய் தனித்துவிடுகிறது. அந்த வாரத்திலும், வெடிச் சத்தம் கேட்கும் தீபாவளி வாரத்திலும் இப்போது நாங்கள் ஒப்படைப்பு வைப்பதில்லை.