பாம்புக் கூண்டுக் கதவுக்கு எந்தக் கண்ணாடி?

பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பு ஒன்றுக்கு 4 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரத்தில் மரக்கூண்டு செய்து, முன்புறம் இரண்டு தள்ளுகதவு வைப்பதாக வைத்துக்கொள்வோம். (நம் நாட்டுக் காட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனத்தையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கூண்டு வேலை அதற்குப் பிறகுதான்.)

முதல் வேலை, கண்ணாடி வகையை முடிவு செய்வது. அளவை மட்டும் சொன்னால் கடையில் பிளெயின் கிளாஸைத்தான் வெட்டித் தருவார்கள். என் முதல் கூண்டில் அதுதான் இருந்தது. ஒரு நாள் ஸ்டூல் கால் இடித்து, கத்தி போன்ற நீளச் சில்லுகள் உள்ளே சரிந்தன. பாம்பு மறைவிடத்துக்குள் சுருண்டிருந்ததால் பிழைத்தது. வயிற்றால் ஊர்கிற உயிருக்கு, தரையில் தப்பிக் கிடக்கும் ஒரே ஒரு சில்லு போதும்.

அதனால் டஃபன் கிளாஸ் என்று கேட்டு வாங்குங்கள். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைப்பது இது. பிளெயினைவிடச் சுமார் நான்கு மடங்கு வலு. கூண்டைச் சூடாக்கும் விளக்கின் சூட்டையும் நன்றாகத் தாங்கும். உடைந்தால் முனை மழுங்கிய சிறு துண்டுகளாக உதிரும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் இன்னும் பத்திரம், உடைந்தும் அந்தப் படலத்தில் ஒட்டி நிற்கும். ஆனால் தடிமன் கூடுதல் என்பதால் சிறிய சேனலில் (கதவு ஓடும் பள்ளம் உள்ள சட்டத்தில்) நுழையாது. அக்ரிலிக் பிளாஸ்டிக் வேண்டாம். சூட்டிலும் ஈரத்திலும் வளைந்து, ஓரத்தில் பாம்புக்கு வழி விட்டுவிடும்.

இந்த அளவுக் கூண்டுக்கு 4 மி.மீ. போதும். அதை டஃபன் செய்யும் பட்டறை பக்கத்தில் இல்லையென்றால் 5 மி.மீ. வாங்கி, சேனலையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

அடுத்தது அளவெடுப்பது. இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் டஃபன் செய்த கண்ணாடியை மறுபடி வெட்டவோ துளையிடவோ முடியாது. முதலில் சேனலை ஒட்டிவிட்டு, பிறகு அளவெடுங்கள். திறப்பின் அகலம் 118 செ.மீ., கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற 4 செ.மீ. என்றால், கூட்டி இரண்டால் வகுக்க, ஒரு கதவு 61 செ.மீ. உயரத்துக்கு, மேல் பள்ளம் 12 மி.மீ., கீழ்ப் பள்ளம் 6 மி.மீ. ஆழமாக இருந்தால், இரு சேனலின் விளிம்புகளுக்கும் இடைப்பட்ட உயரத்தோடு 10 மி.மீ. கூட்டுங்கள். அப்போதுதான் கண்ணாடியை மேலே தூக்கி நுழைத்து, கீழே இறக்க முடியும்.

ஆர்டர் கொடுக்கும்போதே நான்கு ஓரமும் பாலிஷ் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கைப்பிடிக்குத் துளை வேண்டுமானாலும் அப்போதே; ஒட்டும் கைப்பிடி இன்னும் எளிது.

வந்ததும் மூலையில் டஃபன் முத்திரை இருக்கிறதா பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுச் சாய்த்துப் பார்த்தால் நிழல்போலப் புள்ளிகளோ பட்டைகளோ தெரியும்; அதுவும் டஃபனுக்கு அடையாளம். தரையில் நிறுத்தும்போது அடியில் துணி விரியுங்கள். டஃபனுக்குப் பலவீனம் அதன் ஓரமும் மூலையும்தான்.

மாட்டிய பின், இரு கண்ணாடிக்கும் நடுவே உள்ள சந்தில் ஒரு பென்சிலை நுழைத்துப் பாருங்கள். கார்ன் ஸ்னேக் (வீட்டில் வளர்க்கும் இன்னொரு வெளிநாட்டுப் பாம்பு) குட்டி ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். பென்சில் நுழைந்தால், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி அடையுங்கள். ஷோகேஸ் பூட்டு மாட்டிய பிறகே பாம்பை உள்ளே விடுங்கள்.