கீழ்ப் பல்செட் ஆடியதற்கு இரண்டு இம்ப்ளான்ட் தீர்வு: என் அனுபவம்

மேல் பல்செட் அண்ணத்தோடு ஒட்டி நின்றுவிடும். கீழ்ச்செட்டுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. நாக்கு தள்ளும், பல் போன இடத்து எலும்பும் ஆண்டுக்காண்டு தேயும். பசை போட்டும் ஆடியதால் நான் எடுத்தது நடுவழி: கோரைப்பல் இருந்த இடங்களில் இரண்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் திருகு), அவற்றின் மேல் அழுத்திப் பொருத்தும், கழற்றக்கூடிய செட். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாக 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னதும் இதைத்தான். கழற்ற முடியாத முழு வரிசைக்குப் பொதுவாக 4 முதல் 6 இம்ப்ளான்ட் வேண்டும், செலவும் ஏறும்.

முதலில் சிபிசிடி ஸ்கேனில் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எலும்பின் உயரம், அகலம் பார்க்க வேண்டும். புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டுவதைக் கெடுக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அந்த மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. இம்ப்ளான்ட்டை எலும்பு பிடிக்க ஏறக்குறைய 3 மாதம். அதுவரை பழைய செட்டின் உட்புறத்தைக் குடைந்து, மென்மையான லைனர் (உள் மெத்தை) போட்டுத் தருவார்கள்.

பிறகு பிடி தளர்ந்தால் பெரும்பாலும் தேய்ந்திருப்பது இம்ப்ளான்ட்டைப் பிடித்துக்கொள்ள செட்டுக்குள் இருக்கும் நைலான் வளையம்தான். அதை மட்டும் மாற்றலாம். இம்ப்ளான்ட்டே அசைந்தாலோ ஈறில் ரத்தம் கசிந்தாலோ பல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். இரவில் செட்டைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். வெந்நீரில் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.