பிரான்சின் பழைய சிற்றூரில் வீடு வாங்க: ஃபிஜாக் ஊரை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

பிரான்சின் தென்மேற்கே, லோத் மாவட்டத்தில், செலே ஆற்றங்கரையில் இருக்கிறது ஃபிஜாக். எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படித்துக் காட்டிய ஷாம்பொலியோன் 1790-இல் பிறந்த ஊர். நடுவே இடைக்காலக் கல்வீடுகள், பக்கத்திலேயே விமான உதிரிப்பாகத் தொழிற்சாலைகள். அதனால் ஆண்டு முழுவதும் ஆள் நடமாட்டம் உண்டு. பாரிஸ் புறநகரில் குடியிருக்கும் நாங்கள் அங்கே ஒரு வீட்டை வாங்கி முடித்திருக்கிறோம். வங்கிக் கடன், விளம்பரத் தளங்களில் தேடுவது இரண்டும் எல்லா ஊருக்கும் பொது என்பதால் விட்டுவிடுகிறேன். பழைய ஊர் என்பதாலேயே வந்து சேரும் வேலைகள் தனி. அவற்றைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

1. குளிர்காலத்தில் போய்ப் பாருங்கள்

பாரிஸ் ஒஸ்தெர்லிஸ் நிலையத்திலிருந்து பிரீவ் வரை ஒரு ரயில், அங்கிருந்து வட்டார ரயில். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில் காலத்தில் எந்தக் கல்வீடும் குளுகுளுவென்று மனத்தை மயக்கிவிடும். ஜனவரியில் போனால்தான் எந்தச் சந்தில் வெயிலே விழுவதில்லை, எந்த வீட்டில் ஈரவாடை அடிக்கிறது என்பதெல்லாம் தெரியும். சனிக்கிழமை சந்தை நாள். கர்னோ சதுக்கத்தில் பேச்சுக் கொடுத்து, காரை எங்கே நிறுத்துகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரின் அடியைக் குனிந்து பாருங்கள். அந்தக் காலத்துக் கல்சுவர் சுண்ணாம்புக் காரையால் கட்டியது. ஏறும் ஈரம் அதன் வழியாகவே வெளியேறும். பிற்பாடு யாராவது மேலே சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். முழங்கால் உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரல் முட்டியால் தட்டினால் பூச்சு கல்லைவிட்டு விலகி நிற்பது சத்தத்திலேயே தெரியும். இதற்கு ஈரமானி தேவையில்லை. நல்ல டார்ச் விளக்கு ஒன்று போதும்.

2. விலையைச் சரிபாருங்கள்

டி.வி.எஃப். என்ற அரசுத் தளத்தில் கடந்த 5 ஆண்டுகளில் எந்த வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பது தெரு வாரியாக இருக்கிறது. தனியார் தளங்களின் மதிப்பீடுகளை நான் நம்புவதில்லை. ஒரே தெருவில் ஓட்டையாகக் கிடக்கும் வீடும் புதுப்பித்த வீடும் அடுத்தடுத்து நிற்கும் ஊரில் சராசரி விலைக்கு என்ன பொருள்?

3. சோதனை அறிக்கைகள்

விற்பவர் இவற்றை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். 1949-க்கு முந்தைய வீட்டுக்கு ஈய வண்ணப்பூச்சு அறிக்கை கட்டாயம். ஆற்றங்கரை ஊர் என்பதால் ஜியோரிஸ்க் எனும் அரசுத் தளத்தில் வெள்ள அபாயத்தையும் பாருங்கள். வீட்டின் ஆற்றல் தரம் ஏ (சிறந்தது) முதல் ஜி (மோசமானது) வரை. ஜி தர வீட்டை 2025 முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2028 முதல் எஃப் தரத்துக்கும் அதே விதி. வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியில் கல்முகப்பின்மேல் வெளிப்புற வெப்பக் காப்புப் பலகை ஒட்ட அனுமதி கிடைப்பது அரிது. தரத்தை உயர்த்த உள்பக்கம்தான் வழி, அதில் அறையின் அளவு குறையும்.

4. மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள்

கடாஸ்த்ர் எனும் நிலவரைபடத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அது தரையில் உள்ள எல்லையை மட்டுமே காட்டும். இந்த ஊர்களில் வீடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. நாங்கள் பார்த்த ஒரு வீட்டின் நிலவறை பக்கத்து வீட்டுக்காரருடையது. அதற்குப் போக அந்த வீட்டு முற்றத்தின் வழியே நடக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. இது மூலப் பத்திரத்தில்தான் எழுதியிருந்தது. மாடிக்கு வேறோர் உரிமையாளர் இருந்தால், கூரை பழுதுக்கு யார் பணம் கொடுப்பது, கூட்டு நிர்வாகம் ஒன்று நடப்பில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பெயரளவில்கூட நிர்வாகம் இல்லாத கட்டடங்கள் நிறைய உண்டு.

5. பாதுகாப்புக் கட்டடக் கலைஞர்: எங்களை அதிகம் காக்கவைத்த படி

1962-இல் அந்த்ரே மால்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது வந்த சட்டத்தின் வழியில்தான் இத்தகைய பழைய நகரங்கள் காக்கப்படுகின்றன. அங்கே சன்னல் சட்டம், கதவின் நிறம், ஓடு எதை மாற்றினாலும் நகராட்சியில் முன்னறிவிப்பு மனு கொடுக்க வேண்டும். அரசின் பாதுகாப்புக் கட்டடக் கலைஞர் ஒப்புதல் தராமல் அனுமதி கிடைக்காது. சில பகுதிகளில் உள்ளே இருக்கும் படிக்கட்டும் கணப்பும்கூட இந்தப் பாதுகாப்புக்குள் வரும்.

எங்கள் வீட்டின் உச்சியில் சொலெய்யோ இருக்கிறது. ஃபிஜாக்கின் அடையாளமே அதுதான்: கூரைக்குக் கீழே, தூண்கள் தாங்க, தெருப்பக்கம் திறந்து கிடக்கும் மாடம். ஒரு காலத்தில் தோலும் துணியும் பழமும் அங்கே உலர்ந்தன. அதைக் கண்ணாடி போட்டு அறையாக்க விரும்பினோம். கண்ணாடியைத் தூண்களுக்கு இடையே வைக்கக் கூடாது, உள்தள்ளி வைத்தால் பரிசீலிக்கலாம் என்றார் கலைஞர். தெருவிலிருந்து பார்ப்பவருக்குத் தூணும் நிழலும் முன்போலவே தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. வரைபடத்தை மாற்றிய பிறகு எனக்கும் அதுவே அழகாகப் பட்டது.

இதற்கு நான் சொல்லும் வரிசை: முதலில் மாவட்டத்தின் கோவ் எனும் கட்டடக்கலை ஆலோசனை மையம். ஆலோசனை இலவசம், பொறுமையாகப் பேசுவார்கள். அடுத்து நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில், விற்பவர் முன்பு செய்த மாற்றங்களுக்கு அனுமதி வாங்கினாரா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் சன்னல் கண்ணில் பட்டால் கட்டாயம் கேளுங்கள். அதன்பின், வீட்டை வாங்குவதற்கு முன்பே, விற்பவரின் ஒப்புதலோடு முன்னறிவிப்பு மனுவை நீங்கள் கொடுக்கலாம்.

6. ஒப்பந்தமும் பத்திரமும்

முன்ஒப்பந்தத்துக்குக் கொம்ப்ரொமி என்று பெயர். அதில் இரண்டு நிபந்தனைகளை எழுதச் சொல்லுங்கள்: கடன் கிடைக்காவிட்டால் விலகலாம், மேற்சொன்ன அனுமதி மறுக்கப்பட்டாலும் விலகலாம். இரண்டாவதை முகவர்கள் விரும்புவதில்லை. விட்டுக்கொடுக்காதீர்கள். முன்பணம் பொதுவாக 5 முதல் 10 சதவீதம். அதை நொத்தேரின் (பத்திரத்தை எழுதிப் பதிவுசெய்யும் சட்ட அலுவலர்) கணக்கில் செலுத்துங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து 10 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம்.

விற்பவருக்கு ஒரு நொத்தேர், உங்களுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை அவர்களே பங்கிட்டுக்கொள்வார்கள். உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. பழைய வீட்டுக்கு வரியும் கட்டணமும் சேர்ந்து விலையில் 7 முதல் 8 சதவீதம் வரும். 1,20,000 யூரோ வீட்டுக்கு 9,000 யூரோவுக்குக் குறையாமல் தனியே எடுத்து வையுங்கள். விற்பனைக்கு வரும் வீட்டை மற்றவருக்கு முன் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை நகராட்சிக்கு இருக்கும் பகுதிகளில் அதன் பதிலுக்காக 2 மாதம் வரை காத்திருக்க நேரும். அதனால் முன்ஒப்பந்தத்துக்கும் இறுதிப் பத்திரத்துக்கும் இடையே ஏறக்குறைய 3 மாதம் ஓடிவிடும்.

பின்சேர்க்கை

வாசகர்கள் சிலர் இரண்டு சிக்கல்களை எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டில் பதிவான திருமணச் சான்றிதழ் என்றால் வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்தில் முத்திரையும், நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு வடிவமும் நொத்தேர் கேட்கலாம். வீடு பார்க்கத் தொடங்கும்போதே அதை வாங்கி வையுங்கள். பிரெஞ்சு சரளமாக வராதவர்கள் கையெழுத்து நாளுக்கு மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். வாங்குபவருக்குப் பத்திரம் புரியவில்லை என்று தெரிந்தால் நொத்தேர் கையெழுத்தைத் தள்ளிவைத்துவிடுவார்.