ஐபி போனில் குரல் வெட்டுகிறதா?

நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு அலுவலகம். கேமரா பதிவுகள் சர்வருக்கு ஏற ஆரம்பித்தால் போதும், ஐபி போனில் (நெட்வொர்க் கேபிள் வழியே பேசும் போன்) குரல் விட்டுவிட்டுக் கேட்கும். இணைய வேகத்தைக் கூட்டலாம் என்றார்கள். அது வீண் செலவு. ஜி.711 என்ற குரல் குறிமுறையில் அழைப்பு ஒன்றுக்கு, ஒரு திசையில், வினாடிக்குச் சுமார் 90 கிலோபிட்தான் ஆகும். கோளாறு, போனையும் கேமராவையும் சர்வரையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சின் நெரிசலில்.

ஸ்விட்சில் கியூஓஎஸ்ஸை (எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வசதி) இயக்கி, டிஎஸ்சிபி 46 என்ற, குரலுக்கான குறியீடு உள்ள தரவை முன்னுரிமை வரிசைக்கு அனுப்புங்கள். போன் செருகிய போர்ட்டில் வரும் குறியீட்டை மட்டும் நம்பும்படி ஸ்விட்சை அமையுங்கள். எல்லா போர்ட்டையும் நம்பினால், ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் ஆம்புலன்ஸுக்கு விட்ட வழியில் பைக்குகள் புகுந்த கதைதான். அந்த முன்னுரிமை வரிசைக்கு, இணைப்பின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு என உச்சவரம்பும் வையுங்கள்.

அப்புறம், மறக்காமல் சேவ் செய்யுங்கள். இல்லையென்றால், கரண்ட் போய் வந்தால் செய்ததெல்லாம் அழிந்திருக்கும்.